கேரட் மஞ்சளானதும் அன்னபேதியைக் கையில் எடுக்காதீர்கள்

(காட்சி: மழை விட்ட மறுநாள், நீலகிரியில் ஒரு பள்ளத்து வயல்)

இந்தக் கேரட் பாத்தியைப் பாருங்கள். நாலு நாள் விடாத மழை, தண்ணீர் இன்னும் முழுசாக வடியவில்லை, அடி இலைகள் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. இதைப் பார்த்ததும் "இரும்புச்சத்து குறைவு" என்று முடிவுகட்டி, அன்னபேதி என்கிற இரும்பு உப்பை வாங்கிக் கரைத்து ஊற்றிவிடுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். புளிப்பான மலை மண்ணில், அதுவும் தண்ணீர் நிற்கிற இடத்தில், இரும்பு கூடிப்போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மண்ணில் இரும்புக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. பொதுவாக மண்ணின் எடையில் 1 முதல் 5 சதவீதம் இரும்புதான். ஆனால் காற்றோட்டம் இருக்கும்வரை அது துருவாக இறுகிக் கிடக்கும், தண்ணீரில் கரையாது, வேர் பாடுபட்டுத்தான் எடுக்கவேண்டும். தண்ணீர் தேங்கினால் கதை மாறிவிடுகிறது. மண்ணுக்குள் மிச்சமிருக்கிற ஆக்ஸிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே காலி செய்துவிட்டு, அப்புறம் மூச்சுவிட நைட்ரேட், மாங்கனீசு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் அந்தத் துருவிடம் வந்து நிற்கின்றன. துரு கரைந்து ஃபெர்ரஸ் இரும்பாகிறது. அன்னபேதியில் இருப்பதும் இதே ஃபெர்ரஸ் இரும்புதான்!

(காட்சி: ஒரு வாளி போர் தண்ணீர்)

இரும்பு கலந்த போர் தண்ணீரைப் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் வாளி அடியில் செம்பழுப்பாக ஒரு படிவு. கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிவிட்டது. தண்ணீர் நிற்கிற வயலுக்குள் நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

சரி, வேருக்கு என்ன ஆகிறது? அளவுக்கு மீறி உள்ளே போன ஃபெர்ரஸ், செல்லில் இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து, எதைத் தொட்டாலும் சிதைக்கிற ஒரு மூலக்கூறை உண்டாக்குகிறது, செல்லின் சவ்வு கிழிகிறது. இளசான வேர் நுனிதான் முதலில் அடிபடும். ஒரு செடியை மண்ணோடு தோண்டி, கழுவிப் பாருங்கள்: நுனி பழுப்பேறிக் கருகியிருக்கும், பக்க வேர்கள் கட்டையாக நின்றுபோயிருக்கும். நுனி செத்த கேரட் நேராக இறங்காது, இரண்டு மூன்று கால் விட்டுப் பிளந்துகொள்ளும், மண்டியில் அதைக் கழித்துத்தான் எடுப்பார்கள். இதுபோக மணிச்சத்தை (பாஸ்பரஸை) இரும்பு கட்டிப்போடும், மாங்கனீசை வேர் எடுக்கவிடாமல் போட்டி போடும். அடி இலையில் வருகிற பழுப்புப் புள்ளியைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்களும் உண்டு. காற்றில்லாமல் வேர் திணறுவதும் கூடவே சேர்ந்துகொள்வதால், எது எவ்வளவு செய்தது என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். நல்லவேளை, இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்.

வடிகாலை வெட்டிவிடுங்கள். காற்று உள்ளே போனாலே இரும்பு தானாகத் துருவாகத் திரும்பிவிடும். அடுத்த போகத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். மண் பரிசோதனையில் அமில கார நிலை 5.5-க்குக் கீழே வந்தால், விதைப்புக்குச் சில வாரம் முன்பே சுண்ணாம்பு போடவேண்டும், எவ்வளவு என்பதை அந்த அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பீட்ரூட்டுக்குப் புளிப்பு மண் சுத்தமாக ஆகாது. உருளைக்கிழங்கு தாங்கும், அதற்குச் சுண்ணாம்பு அதிகமானால் தோலில் சொறி வரும், ஜாக்கிரதை.

சேலம் பக்கம் சுண்ணாம்பு மண்ணில் மரவள்ளி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காததால், செடியில் இரும்புக் குறைவு நிஜம், நரம்பு பச்சையாக இருக்க, கொழுந்து இலைதான் முதலில் வெளுக்கும். அதற்கு அன்னபேதி தெளிப்பது சரி.

(காட்சி: கழுவிய வேர், மிக அருகில்)

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். இதோ, இந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புது வேர் எட்டிப் பார்த்தால், அன்னபேதி வாங்கக் கடைக்குப் போகவேண்டாம்.