கடன் வாங்கிக்கொண்டு கடல் கடக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். படிப்பை முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் நாலு காசு சேர்த்துவிடலாம் என்று வெளிநாட்டு வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் பேச வந்திருக்கிறேன். சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு எழுந்தது, தங்கையின் படிப்பு முடிந்தது. ஆகவே போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால், கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

தனி ஆளாக இருப்பது பெரிய பலம். பேசிய சம்பளம் வரவில்லை, வேலை ஒத்துவரவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். ஊரில் மனைவி மக்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை. வட்டிக்கு லட்சக்கணக்கில் வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவனுக்கு அந்தப் பலம் முதல் நாளே பறிபோய்விடுகிறது. டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், இப்படிக் கடனோடு வந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விரல் நசுங்கினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குக் கிளம்புவார்கள். வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டில் சட்டமே இருக்கிறது. அது தெரிந்தும் வாய் திறக்க மாட்டார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டால் வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்வது? அந்த ஒரு கேள்விதான் அவர்களை ஊமையாக்கி வைத்திருந்தது. கல்யாணம் ஆகாத பையன்தானே, எப்படியும் அடைத்துவிடுவான் என்று அடகுக்கு நகையைக் கழற்றிக் கொடுக்கும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பணம் ஏன் கொடுக்கிறோம் என்றும் கேளுங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். பதிவு உண்மைதானா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கிவருகிறது. கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறார்கள்? தெரு முனையில் இருக்கும் புரோக்கர்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார். எனக்கு இது பெரிய வருத்தம்.

சிங்கப்பூர் என்றால், புறப்படும் முன்பே 'ஐபிஏ' கடிதம், அதாவது வேலை அனுமதிக்கு அந்நாட்டு அரசு தரும் முன் ஒப்புதல் கடிதம், உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். தமிழிலும் அது கிடைக்கும். மொத்தச் சம்பளம் என்று ஏஜெண்ட் சொல்லும் தொகையை விட்டுவிட்டு, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அதில் பாருங்கள். ஓவர்டைம் கிடைக்காத மாதமும் உண்டு. கணக்கை அந்த மாதத்தை வைத்தே போடுங்கள். நிறுவனம் அரசுக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போவதென்றால் மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். இதை அலைச்சல் என்று நினைத்து டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன் என்பவரிடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அனுமதியோடு போனால் 10 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடும் சேர்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுக்கு அதன் பிரீமியம் வெறும் 275 ரூபாய், வரி தனி. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அவர்கள் படித்தவர்கள். படிப்பு மட்டும் நம்மைக் காப்பாற்றாது.

இன்னொன்று, வீட்டோடு பேச வேண்டியது. கல்யாணம் ஆகாதவன் சம்பளம் முழுவதும் வீட்டுக்குத்தான் என்று நம் குடும்பங்களில் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் இருக்கிறது. அக்கா கல்யாணம், மச்சு வீடு, சித்தப்பாவின் டிராக்டர் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். பெண்பிள்ளைகள் நர்ஸ் வேலைக்குப் போனாலும் இதே கதைதான். கூடவே, வரன் பார்க்க வேண்டும், சீக்கிரம் வா என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். முப்பது வயதுக்குமேல் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வீட்டுக்கு உதவ வேண்டியது நம் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, மாதம் எவ்வளவு அனுப்புவேன், என் பெயரில் எவ்வளவு போடுவேன், எத்தனை ஆண்டில் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றவர்களும் அதில் கையெழுத்துப் போடுங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகலையும் அந்தத் தாளோடு சேர்த்து வீட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வணக்கம்.