டிரனியும் கொடுங்கோலும் ஒண்ணா?

வணக்கம்ங்க. ஆட்சி மோசம்னா நாம 'கொடுங்கோல்'னு சொல்றோம், இங்கிலீஷ்ல 'டிரனி'ங்கிறாங்க. ரெண்டும் ஒரே சொல்லோட ரெண்டு மொழி உருவம்னுதான் நான் ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். பொறந்த கதையைப் பார்த்தா அப்படி இல்லை.

டிரனிக்கு மூலம் கிரேக்கத்துல 'டுரன்னோஸ்'. அதுவும் கிரேக்கர்களோட சொந்தச் சொல் இல்லை, இன்னைக்குத் துருக்கி இருக்கிற பக்கம் கடன் வாங்கினதா இருக்கலாம்னு அறிஞர்கள் சொல்றாங்க. முதல்ல அதுக்கு 'கொடுமைக்காரன்'னு அர்த்தமே கிடையாது. பரம்பரை உரிமையோ ஊர் வழக்கமோ இல்லாம, தானா அதிகாரத்தைப் பிடிச்சவன். அவ்வளவுதான்.

ஏதென்ஸ்ங்கிற கிரேக்க நகரத்துல இப்படி ஆட்சியைப் பிடிச்ச பெய்சிஸ்ட்ராடஸைப் பாருங்க. கி.மு. 560 வாக்குல, தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டு, 'எதிரிங்க என்னைக் கொல்லப் பார்த்தாங்க'ன்னு சந்தைக்கு வண்டியை ஓட்டிட்டு வந்தார். ஜனங்க நம்பி, தடி வச்ச காவலாளுங்களைக் கொடுத்தாங்க. அந்த ஆளுங்களை வச்சே கோட்டையைப் பிடிச்சுட்டார்!

ஆனா ஆண்ட விதம் வேற. ஏழை விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார். ஒரு கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். மலையில ஒருத்தர் வெறும் கல்லைக் கொத்திட்டிருக்கார். அதைப் பார்த்த பெய்சிஸ்ட்ராடஸ் ஆள் விட்டுக் கேக்கிறார், 'இதுல என்னய்யா விளையுது?' 'வலியும் வேதனையும்தான். அதுலயும் பத்துல ஒரு பங்கு பெய்சிஸ்ட்ராடஸுக்குப் போகணும்'னாராம் அந்த விவசாயி, கேக்கிறது யாருன்னு தெரியாமலே. பெய்சிஸ்ட்ராடஸ் அந்த விவசாயிக்கு வரியே வேண்டாம்னு விட்டுட்டார்.

அவருக்கு அப்புறம் ஆண்டது மகன் ஹிப்பியாஸ். கி.மு. 514-ல தம்பி ஹிப்பார்கஸைக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ஹிப்பியாஸ் ஆட்சி ரொம்பக் கடுமையாச்சு, 510-ல விரட்டிட்டாங்க. இந்த மாதிரி அனுபவங்களும், பின்னாடி பிளேட்டோ, அரிஸ்டாட்டில் எழுதினதும் சேர்ந்துதான் அந்தச் சொல்லைக் கெட்ட சொல்லாக்குச்சு.

நம்ம சொல்லுக்கு வாங்க. கொடுன்னா வளைஞ்சது. நேரா இருந்தா செங்கோல், வளைஞ்சா கொடுங்கோல். குறள்ல 55-ஆவது அதிகாரம் செங்கோன்மை, அடுத்ததே கொடுங்கோன்மை. இங்க யாரும் 'நீ எப்படி வந்தே'ன்னு கேக்கலை. 'எப்படி ஆள்றே'ன்னுதான் கேள்வி. ஏழு தலைமுறை ராஜாவா இருந்தாலும், கோல் வளைஞ்சா போச்சு.

அதனால, காயத்தைக் காட்டி ஏமாத்தி வந்த அப்பனைக் கொடுங்கோலன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அப்பன் விட்டுட்டுப் போன இடத்துல உக்காந்த மகனைச் சொல்லுவேன்.