காலைல ஏழு மணிக்கு 45 செகண்ட்ல சொதப்பின கதை | என்னோட முதல் நெட்வொர்க்கிங் மீட்டிங்

வணக்கம்ங்க. சத்தம் ஜாஸ்தியா கேக்குதா? இருங்க, கண்ணாடிய ஏத்திக்கறேன். ஆங், இப்ப சரி. மணி ஒன்பதரை. அவிநாசி ரோட்டுல ஒரு ஹோட்டல் பார்க்கிங்ல, கார்ல உக்காந்துட்டுப் பேசறேன். யூனிட்டுக்குப் போய் எடுக்கலாம்னுதான் நெனச்சேன். போனா மெஷின் பக்கம் போயிருவேன், பாதி மறந்துரும்.

புதுசா பாக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். நம்மளது அட்டைப்பெட்டி யூனிட், கணபதி பக்கம். அப்பா ஆரம்பிச்சது, மூணு வருஷமா நான் பாத்துக்கறேன். ஆர்டர் எல்லாம் அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க. அந்த வட்டத்துக்குள்ளயேதான் ஓடிட்டு இருந்துச்சு. தீபாவளிக்கு அப்புறம் ரெண்டு பெரிய பார்ட்டி வேற எடத்துக்குப் போயிட்டாங்க. எங்க ஆடிட்டர் அண்ணாதான், "வெளிய வந்து நாலு பேரப் பாரு கண்ணு"ன்னு சொல்லி, இன்னைக்குக் காலைல ஒரு நெட்வொர்க்கிங் மீட்டிங்குக்கு விசிட்டரா கூட்டிட்டுப் போனாரு. தொழில் பண்றவங்க கூடி ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுக்கற கூட்டம்ங்க அது.

இந்த மாதிரி காலை மீட்டிங்னா எல்லாரும் சொல்றது பி.என்.ஐ., அதாவது பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல். 1985-ல கலிஃபோர்னியால ஐவன் மிஸ்னர்ங்கறவர் ஆரம்பிச்சது. ஒரு சாப்டர்ல, அதாவது ஒரு ஊர்க் குழுவுல, ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான். ஒரு இன்டீரியர்காரர் இருந்தா இன்னொரு இன்டீரியர்காரர் சேர முடியாது. வாரா வாரம் கூடணும், ஒருத்தருக்கொருத்தர் ரெஃபரல் கொடுக்கணும், அதாவது நமக்குத் தெரிஞ்ச கஸ்டமர அடுத்தவங்களுக்குக் கை காட்டி விடணும். 'கிவர்ஸ் கெய்ன்'னு அதுக்கு ஒரு வாசகம், குடுக்கறவங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்னு அர்த்தம். எனக்கு அதக் கேட்டதும் மொய் நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்கல்ல, அதே கணக்கு. இதே பாணில வேற குழுவும் நெறைய இருக்கு. நான் போனது எதுன்னு சொல்லல, விளம்பரம் ஆயிரும்.

சரி, உள்ள போனேன். முப்பது, முப்பத்தஞ்சு பேர் இருப்பாங்க. பொண்ணுங்கன்னு பாத்தா என்னையும் சேத்து நாலு பேர். ஆளாளுக்கு கோட்டு. நான் காட்டன் புடவை, கைல ஒரு கட்டப்பை. அந்தப் பைக்குள்ள சாம்பிள் பெட்டி மூணு! ஏன் எடுத்துட்டுப் போனேன்னு இப்ப வரைக்கும் தெரியல. கடைசி வரைக்கும் வெளிய எடுக்கவே இல்ல.

முன்னாடி ஸ்க்ரீன்ல ஒரு டைமர். ஆளுக்கு 45 செகண்ட், முடிஞ்சா டிங்குனு மணி அடிப்பாங்க. விசிட்டரும் பேசணுமாம். அண்ணா இத முன்னாடியே சொல்லவே இல்ல! என் முறை வந்துச்சு. எந்திரிச்சேன். "வணக்கம், நாங்க த்ரீ ப்ளை, ஃபைவ் ப்ளை, செவன் ப்ளை எல்லா வகை பெட்டியும் செய்வோம், தரமா இருக்கும், யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க." அவ்வளவுதான். (ப்ளைன்னா அட்டையோட அடுக்குங்க.) டைமரப் பாத்தா இன்னும் 31 செகண்ட் பாக்கி. அந்த 31 செகண்டும் நிக்கறதா உக்கார்றதான்னு தெரியாம ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க, எதிரிக்குக்கூட அந்த நெலம வரக்கூடாது. கை தட்டினாங்க. அங்க எல்லாத்துக்கும் தட்டறாங்க, அத நம்ப வேணாம்.

எனக்கு அடுத்து பேசினவர் கரையானுக்கு மருந்தடிக்கறவர். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? "இந்த வாரம் எனக்கு ஒரே ஒருத்தர்தான் வேணும். சரவணம்பட்டில புதுசா ஹாஸ்டல் கட்றவங்க, இன்னும் தரை போடாம இருக்கணும். தரை போட்டுட்டா துளை போட்டுத்தான் மருந்து அடிக்கணும், செலவு ஏறிரும். அப்படி யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க." உடனே ரெண்டு பேர் கை தூக்கிட்டாங்க. நான் 'யாருக்கு வேணும்னாலும்'னு சொன்னேன். அப்படிக் கேட்டா யார் மூஞ்சி ஞாபகம் வரும்? ஒருத்தர் மூஞ்சியும் வராது.

மீட்டிங் முடிஞ்சு டிபன். ஒரு கைல பொங்கல் தட்டு, ஒரு கைல கார்டு. கார்டு கதையும் சொல்லிடறேன். அதுல இருக்கறது அப்பா பேரு. பேனாவுல என் பேர எழுதலாம்னா, பளபளன்னு லேமினேஷன் போட்ட கார்டு, மையே புடிக்கல. ஈஈன்னு இழுவிக்கிட்டு, சட்னி பட்ட மாதிரி ஆயிருச்சு. நீங்க கார்டு அடிச்சா பின்பக்கம் லேமினேஷன் போடாம விடச் சொல்லுங்க. வாங்கறவங்களும் எங்க பாத்தோம், என்ன பேசினோம்னு குறிச்சுக்கலாம்.

அப்பதான் பக்கத்துல ஒரு அண்ணா. முறுக்கு, மிக்சர் எல்லாம் கேரளாவுக்கு அனுப்பறவர். "உங்களது இல்லீங்க, பொதுவா கேக்கறேன், மழைக்காலத்துல அடிப்பெட்டி ஏனுங்க அமுங்கிப் போகுது?"ன்னாரு. அப்பாடா, நமக்குத் தெரிஞ்ச கேள்வி! எத்தன பெட்டி அடுக்கறீங்கன்னேன். எட்டுன்னாரு. எப்படி அடுக்கறீங்கன்னேன். செங்கல் கட்டற மாதிரி மாத்தி மாத்தின்னாரு. அங்கதான் கோளாறு. பெட்டியோட பலம் பெரும்பாலும் நாலு மூலைலதான் இருக்கு. மூலைக்கு மேல மூலை வந்தாத்தான் கனம் நேரா கீழ எறங்கும். மாத்தி அடுக்கினா மேல் பெட்டியோட மூலை கீழ் பெட்டியோட வெறும் பக்கத்துல உக்காந்துக்கும். அதுல மழை ஈரம் வேற. பேப்பர் ஈரத்த இழுத்துட்டா உள்ள இருக்கற ஃப்ளூட், அதாங்க அந்த நெளிநெளியா இருக்குமே, அது தொஞ்சு போயிரும். ரேட்டு ஏத்தி ஃபைவ் ப்ளை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு லோடு நேரா அடுக்கிப் பாருங்கன்னேன்.

கவனிச்சீங்களா, பெட்டி வாங்கிக்கோங்கன்னு நான் சொல்லவே இல்ல. சொல்லப்போனா, வாங்காதீங்கன்னுதான் சொன்னேன். அவரா கார்டு எடுத்துக் குடுத்தாரு. பொங்கல் ஆறிப் போச்சு, பரவால்ல.

நேத்து ராத்திரி பயத்துல தூக்கம் வராம ஒண்ணு படிச்சுட்டு இருந்தேன். மார்க் கிரானவெட்டர்னு ஒரு சமூகவியல்காரர், 1973-ல எழுதின கட்டுரை. தெரிஞ்சவங்க மூலமா புது வேலை கிடைச்சவங்க கிட்ட, அந்த ஆள எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டிருக்கார். அடிக்கடி பாக்கறவங்க மூலமா கிடைச்சது 16.7 சதவீதம்தான். எப்பவாவது பாக்கறவங்க மூலமா 55.6. ரொம்ப அரிதா பாக்கறவங்க மூலமா 27.8. அது வேலை பத்தின கணக்கு, ஆர்டர் பத்தினது இல்ல, சின்ன ஆய்வுதான். ஆனா எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. அப்பாவோட ஆளுங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்களுக்கும் ஏற்கனவே தெரியும். முறுக்கு அண்ணாவோட கோடௌன் எங்களுக்குத் தெரியாதே.

சேருவியான்னு கேட்டீங்கன்னா, இன்னும் முடிவு பண்ணல. வருஷ ஃபீஸ் இருக்கு, வாரா வாரம் வந்தாகணும், வர முடியலன்னா நமக்குப் பதிலா ஆள் அனுப்பணும். எங்க யூனிட்ல காலைல ஆறரைக்கு லோடு ஏத்தற ஆளே நான்தான். இன்னும் ஒரு தடவை விசிட்டரா போய்ப் பாத்துட்டு சொல்றேன். அந்தத் தடவை 45 செகண்டுக்கும் சரக்கு இருக்கு: "மழைல பெட்டி அமுங்கி சரக்கு திரும்பி வந்தவங்க யாராவது இருக்காங்களா?" இத மட்டும்தான் கேக்கப் போறேன்.

முறுக்கு அண்ணா வியாழக்கிழமை வரச் சொல்லிருக்காரு. அமுங்கின பெட்டி ரெண்ட தூக்கிப் போடாம எடுத்து வெக்கறேன்னாரு. அத கேமராவுல காட்டலாமான்னு கேட்டுட்டு காட்டறேன்.

ஐயோ, அப்பா கூப்படறாரு. மூணாவது தடவை. பேப்பர் ரீல் வந்துருச்சு போல. வெச்சிடறேங்க.