ரெண்டாவது டிஸ்க்ல லினக்ஸ் இருக்கு, ஆனா பூட் ஆகல!

வணக்கம் மக்களே. இந்த ஸ்க்ரீனைப் பாருங்க. கறுப்புல வெள்ளையா ஒரே வரி, "நோ பூட்டபிள் டிவைஸ்". நேத்து ராத்திரி வரைக்கும் இதே டிஸ்க்ல லினக்ஸ் ஜம்முனு ஓடுச்சு. நான் பண்ணது ஒண்ணுதான், விண்டோஸ் இருந்த முதல் எஸ்எஸ்டியைக் கழட்டினேன்.

உடனே கேபிள் மேல சந்தேகம். கழட்டி மாட்டி ஒரு மணி நேரம் போச்சு. பயாஸ்ல டிஸ்க் பேரு பளிச்சுனு தெரியுது, அதை முதல்லயே பார்த்திருந்தா கேபிளைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அப்புறம் லைவ் யுஎஸ்பில, அதாவது பென்டிரைவ்லயிருந்தே ஓடுற லினக்ஸ்ல போய், டிஸ்க்ல என்னென்ன பார்ட்டிஷன் இருக்குன்னு காட்டுற எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப் கமாண்டை அடிச்சேன். இருக்குறது லினக்ஸ் உக்காந்திருக்கிற ஒரே ஒரு ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன். பூட் பண்ற ஃபைல்களை வைக்கிற, ஃபேட்32ல இருக்க வேண்டிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லவே இல்ல! இன்ஸ்டால் பண்ணும்போது, லினக்ஸைக் கிளப்பி விடுற பூட் லோடருக்கு ரெண்டாவது டிஸ்க்கைத்தான் காமிச்சேன். இன்ஸ்டாலர் கண்டுக்கல, முதல் டிஸ்க்ல விண்டோஸோட ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள்ள கொண்டுபோய் வச்சிடுச்சு. வீட்டை இங்க கட்டிட்டு சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்த கதை.

சரி, எப்படி சரி பண்ணேன்? பூட் மெனுவுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரியலாம். யூஈஎஃப்ஐன்னு, அதாவது புது பூட் முறைன்னு போட்டிருக்கிறதை எடுங்க, இல்லன்னா பழைய லெகஸி மோடுல போயிடும். பார்ட்டிஷனை மாத்துற ஜிபார்ட்டட் டூல்ல ஈஎக்ஸ்டி4ஓட வால் பக்கம் 512 எம்பி குறைச்சு, அங்க ஃபேட்32 போட்டு, இதுதான் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு அடையாளம் காட்டுற ஈஎஸ்பி ஃப்ளாக் வச்சேன். இது டிஸ்க்கோட முன்னாடிதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. முன்பக்கம் இடம் பண்ணப் போனா மொத்த டேட்டாவும் நகரணும், விடிஞ்சிடும்.

ரெண்டு பார்ட்டிஷனையும் மவுன்ட் பண்ணி, சிஎச்ரூட் கமாண்ட் வழியா டிஸ்க்ல இருக்குற லினக்ஸுக்குள்ள நுழைஞ்சு, க்ரப்ங்கிற பூட் லோடரை வைக்கிற க்ரப்-இன்ஸ்டாலை ரிமூவபிள் ஆப்ஷனோட ஓட்டினேன். அது ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள இருக்குற பூட் ஃபோல்டர்ல பூட்எக்ஸ்64ன்னு ஒரு ஃபைலை வைக்கும். பூட் என்ட்ரி அழிஞ்சிருந்தாலும் மதர்போர்டு அந்த ஃபைலைத் தேடிப் பிடிச்சிடும்.

ரீஸ்டார்ட். க்ரப் மெனு வந்துச்சு, துள்ளிக் குதிச்சேன். அடுத்து ஒன்றரை நிமிஷம் கவுன்ட்டர் ஓடி, எமர்ஜென்சி மோடு! எந்தெந்த பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல பழைய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனோட அடையாள எண், யுயுஐடி, அப்படியே உக்காந்திருக்கு, கழட்டி வச்ச டிஸ்க்கை அது தேடிட்டு இருக்கு. அதை புது பார்ட்டிஷனோட யுயுஐடியா மாத்தினதும் லாகின் வந்துடுச்சு.

இப்போ முதல் டிஸ்க்கைத் திரும்ப மாட்டப் போறேன். அதுலயும் பழைய க்ரப் கிடக்கு, அதனால பூட் ஆர்டர்ல ரெண்டாவது டிஸ்க்கை மேல ஏத்திட்டு வர்றேன், இருங்க.