லாக்ஸ்டன்: வேலி போடாத வயல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்காம்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே டக்ஸ்ஃபோர்டு என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் லாக்ஸ்டன் என்ற கிராமம் இருக்கிறது. அதைச் சுற்றி மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு, வெஸ்ட் ஃபீல்டு என்று மூன்று பெரிய வயல்வெளிகள். ஒவ்வொன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. உள்ளே வேலி கிடையாது, சுவர் கிடையாது. ஆனால் அந்த வெளி முழுக்க ஒருவருடையது அல்ல. பல விவசாயிகளின் நிலம் நீள நீளத் துண்டுகளாக ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கிறது. ஒரே விவசாயிக்கு மூன்று வயலிலும் துண்டுகள் இருக்கும், அவையும் ஓரிடத்தில் சேர்ந்திருக்காது.

ஏன் இப்படிச் சிதறவிட்டார்கள்? அந்த ஊர் மண் கனத்த களிமண். மேட்டில் ஒரு குணம், தாழ்வில் ஒரு குணம். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோர் கைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரவேண்டும் என்றால் இப்படித்தான் பங்கு போட முடியும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கிற பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். தரிசு நிலத்தில் ஊர் ஆடு மாடுகள் சேர்ந்து மேயும். இன்று தரிசு வயலில் தீவனப் பயிர் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் சுழற்சி அப்படியே இருக்கிறது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. பிறகு வேலியடைப்புச் சட்டங்கள் வந்தன. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். துண்டுகளைச் சேர்த்து, அளந்து, வேலி கட்டித் தனித்தனிப் பண்ணைகளாக்கினார்கள். விளைச்சல் கூடியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பசுவைப் பொது நிலத்தில் மேய்த்து அதன் பாலில் பிழைத்த ஏழைக்கு அந்த மேய்ச்சல் போனது போனதுதான். இதே நாட்டிங்காம்ஷயரில், சவுத்வெல் என்ற ஊரில், 1824இல் ஏழைகளுக்கான ஒரு வேலை இல்லம் கட்டினார்கள், அதாவது உதவி கேட்டு வரும் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் இல்லம். கணவன், மனைவி, பிள்ளை என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கும் இடம். 1834இல் வந்த ஏழைகள் சட்டத்துக்கு அதுவும் ஒரு முன்மாதிரி. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. லாக்ஸ்டனைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

சரி, ஏறக்குறைய எல்லா ஊரும் வேலிக்குள் போனபோது லாக்ஸ்டன் எப்படித் தப்பியது? ஊர்க்காரர்களின் பிடிவாதம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் பெரிய காரணம் வேறு. அந்த ஊர் நிலத்தில் பெரும்பங்கு மேன்வர்ஸ் பிரபு குடும்பத்துக்கு, இன்னொரு பெரும்பங்கு ஸ்கார்பரோ பிரபு குடும்பத்துக்கு. யாருக்கு எது என்று பிரித்துக்கொள்வதில் இவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவர்கள் இழுபறியில் கிடந்த காலம் ஊருக்கு நல்ல காலமாக அமைந்தது.

லாக்ஸ்டனின் பழைய உருவம் நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு ஒரு வரைபடம் காரணம். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக நிலம், வீடு வீடாகத் தெரு, அதோடு ஏர் ஓட்டுகிறவர், அறுவடை செய்கிறவர், வேட்டைக்குப் போகிறவர் என்று சின்னச் சின்ன உருவங்களும் அதில் உண்டு. வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். இவரே அதே 1635இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக வாணிபம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி வாங்கினார். அவர் தொடங்கிய குழுவின் கப்பல்கள் நம் மேற்குக் கடற்கரைக்கு வந்தன. கடல் கடந்த வியாபாரத்தில் சேர்த்த பணம் ஒரு களிமண் கிராமத்தை விலைக்கு வாங்கியது. அந்த முதலாளிக்குத் தன் சொத்தின் கணக்கு வேண்டியிருந்தது, அதனால்தான் இந்த வரைபடமே பிறந்தது.

ஊர்த் தெருவில் நடந்தால் இன்னொன்றைக் கவனிக்கலாம். மற்ற ஊர்களில் பண்ணை வீடு வயலுக்கு நடுவே தனியாக நிற்கும். இங்கே பண்ணை வீடுகள் தெருவை ஒட்டியே வரிசையாக நிற்கின்றன, பின்னால் நீண்ட கொல்லையோடு. நிலம் நாலா பக்கமும் சிதறிக் கிடப்பவன் எந்த நிலத்தில் போய் வீடு கட்டுவான்? தெருவில் புனித மைக்கேல் ஆலயம். அதற்குள், இடைக்காலத்தில் அந்த ஊரின் பிரபுக்களாக இருந்த எவரிங்காம் குடும்பத்தாரின் படுத்த நிலைச் சிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்மணியின் உருவம். அந்த மாவட்டத்தில் இடைக்கால மரச்சிலை அது ஒன்றுதான். ஊருக்கு வடக்கே நார்மன் காலத்து மண்கோட்டை மேடு, இப்போது புல் மூடிக் கிடக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: கோர்ட் லீட் என்ற ஊர் மன்றம். கோதுமை விதைத்து முடிந்த பிறகு, குளிர் தொடங்கும் நாட்களில், ஜூரிகள் வயலுக்குப் புறப்படுகிறார்கள். ஜூரிகள் என்றால் வெளியூர் வக்கீல்கள் அல்ல, அதே மண்ணில் உழுகிற விவசாயிகள். கையில் முளைக்குச்சிகள், சுத்தியல். ஒவ்வொரு துண்டின் எல்லையையும் பார்த்து முளை அடிக்கிறார்கள். பாதையை யாராவது உழுதிருக்கிறாரா, பக்கத்துத் துண்டில் ஒரு சால் கூடுதலாக ஓட்டியிருக்கிறாரா, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். ஒரு வாரம் கழித்து டவ்கோட் இன் என்ற ஊர் மதுவிடுதியில் மன்றம் கூடுகிறது. நில உரிமையாளர் சார்பில் ஒரு ஸ்டூவர்ட், அதாவது காரியஸ்தர், தலைமை தாங்குகிறார். தப்பு செய்தவருக்கு அபராதம். அடுத்த ஆண்டுக்குப் புதிய ஜூரிகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் முன்னால் பெயர் வாசிக்கப்படுவது சின்ன விஷயமா? சால் கூட்டி ஓட்டிய சண்டையில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். அந்தச் சண்டையை ஆண்டுதோறும் முளையிலேயே கிள்ளிவிட லாக்ஸ்டன்காரர்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது.

இது கண்காட்சிக்காக நடத்தும் நாடகம் என்று யாரும் எண்ணவேண்டாம். 1977இல் நீதி நிர்வாகச் சட்டம் இப்படிப்பட்ட பழைய மன்றங்களின் அதிகாரத்தை நாடெங்கும் எடுத்துவிட்டபோது, லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது.

வயல்களுக்கு ஊடே உழ முடியாத தாழ்வான புல்நிலங்கள் உண்டு. சைக் என்கிறார்கள். அந்தப் புல்லை ஆண்டுக்கொரு முறை ஏலம் விடுகிறார்கள். ஏர் படாத மண் என்பதால் மற்ற இடங்களில் அருகிப்போன காட்டுப் பூக்கள் அங்கே இன்னும் பூக்கின்றன. அதற்காகவே பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருக்கிறார்கள்.

1952இல் மேன்வர்ஸ் குடும்பம் ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றது. 1981இல் அது, முடியாட்சியின் பெயரிலுள்ள நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் என்ற அமைப்பின் கைக்குப் போனது. 2020இல் பழைய குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது. உரிமையாளர் மூன்று முறை மாறியும் மன்றம் நிற்கவில்லை. எனக்குள்ள கவலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல சிறு துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். அதற்குப் பின் டிராக்டர் வந்தது, பண்ணைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது. ஜூரியாக உட்கார அந்த மண்ணில் உழுகிறவர்கள் வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் விவசாயத்தில் தங்குவதற்கு வருமானம் வேண்டும். வரைபடத்தை நூலகம் காப்பாற்றும். முளையடிக்கப் போகும் ஆட்களுக்கு அப்படி ஒரு காப்பிடம் இல்லை. ஆகவே அங்கே போகிற வாய்ப்பு வந்தால் வயலையும் கோட்டை மேட்டையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். டவ்கோட் விடுதியை ஒட்டியே ஒரு சிறு காட்சிக்கூடம் இருக்கிறது. ஊர் விவசாயி யாராவது கண்ணில் பட்டால் இந்த ஆண்டு எந்த வயல் தரிசு என்று கேட்டுப் பேச்சுக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.