அருந்ததியும் ஹைமாஸ் விளக்கும்

விழாத் தலைவர் அவர்களே, கடைசிவரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி தூக்கிப் போட்ட தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மேடை ஏறினாலும் ‘தனிமரம் தோப்பாகாது’ என்பேன். இன்று அதை வானத்தில் காட்டப் போகிறேன். சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் ஏறத்தாழப் பாதிக்கு, ஒன்றையொன்று சுற்றிவரும் துணை நட்சத்திரம் உண்டு. மிகப் பெரியவற்றில் தனியாக இருப்பதே அபூர்வம். இந்தத் துணை எப்படி வந்தது, சில ஏன் பிரிகின்றன, அங்கே கோள்கள் தங்குமா என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

தனித்தனியாகப் பிறந்த இரண்டு நட்சத்திரங்கள் போகிற வழியில் சந்தித்து ஜோடி சேர்வது மிக அரிது. பெரும்பாலும் பிறக்கும்போதே ஜோடிதான். குளிர்ந்த வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே உள்ளே சரிகிறது. உள்ளே கொந்தளிப்பு இருப்பதால் இரண்டு மூன்று இடங்களில் திரண்டால், தள்ளித் தள்ளி நட்சத்திரங்கள் பிறக்கும். இன்னொரு வழியும் உண்டு. மேகம் சுழல்வதால், சரிகிற வாயு நேராக நடுவில் விழாமல் தட்டாகச் சுற்றும். தட்டு கனத்துவிட்டால் அதன் ஈர்ப்பே அதை உடைத்து, பக்கத்திலேயே இன்னொன்றை உண்டாக்கிவிடும். பெர்சியஸ் என்ற வாயு மேகத்தில், இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரக் குடும்பம் ஒன்று, பெயர் எல்1448 ஐஆர்எஸ்3பி. சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி எடுத்த அதன் படம் 2016இல் வெளிவந்தது. சுருள் கைகளோடு ஒரு தட்டு, அதில் மூன்று பச்சைக் குழந்தைகள்! நடுவில் இருக்கும் இரண்டுக்கும் இடையே, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 61 மடங்கு. மூன்றாவது 183 மடங்கு தள்ளி, சுருள் கையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். வைகாசி மாதம், என் அக்கா மகனுக்குக் கல்யாணம். பகல் பதினோரு மணிக்கு ஐயர், “அருந்ததி தெரியறதா?” என்றார். மாப்பிள்ளை, “நல்லாத் தெரியுதுங்க” என்றான். எங்கே என்று கேட்டேன். வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட்டைக் காட்டினான்! விடுவேனா நான்? ராத்திரி பொண்ணு மாப்பிள்ளையை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சம்பந்தி முறைத்தார். சரி, முறைக்கட்டும். வடக்கே சப்தரிஷி மண்டலம். வசிஷ்டர் இருக்கிறார், அம்மாவைக் காணோம்! எதிரே ஹைமாஸ் விளக்கு. மங்கலான அருந்ததியை அந்த வெளிச்சம் விழுங்கிவிட்டது. “கல்யாணத்தன்னைக்கே பிரிச்சு வச்சுட்டாங்களே மாமா” என்றாள் மருமகப் பெண்.

அந்த வசிஷ்டரும் ஒருவர் அல்ல, நான்கு நட்சத்திரங்கள். அருந்ததி இரண்டு. ஆறும் சேர்ந்தே பயணம் போகின்றன. அங்கேயும் தனிமரம் கிடையாது பாருங்கள்.

மற்ற இரண்டு விஷயங்களுக்கு நேரமில்லை, டீ வந்துவிட்டது. ஆனால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். லடாக்கில் ஹன்லே என்ற ஊரைச் சுற்றி 2022இல் இருண்ட வானக் காப்பகம், அதாவது நட்சத்திரம் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, அறிவித்தார்கள். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். விளக்கே கூடாது என்றும் சொல்லவில்லை. வெளிச்சம் மேலே போகாமல் மூடி போடுங்கள், பத்து மணிக்கு மேல் பாதியை அணையுங்கள் என்கிறேன். இதையே நான் ஒருவனாக எழுதிக் கொடுத்தபோது பதில் வரவில்லை. தனிமரம் தோப்பாகாதே! மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்தைத் தலைவர் அம்மாதான் போட வேண்டும், மனுவே அவர்களுக்குத்தான் என்றாலும்.