கல்வெட்டில் பேச்சு கிடையாது

(மதுரையில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கல்லூரி முடிந்து நேராக இங்கே வந்து, இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

‘சரித்திர நாவல்களில் காதலும் நகைச்சுவையும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவை இரண்டும் வேறு வேறு அல்ல என்பது என் கட்சி. வாளும் குதிரையும் சுரங்கப்பாதையும் பதினைந்து வயதில் நம்மை உள்ளே இழுக்கும். ஐம்பது வயதில் அதே புத்தகத்தை மறுபடியும் கையில் எடுக்க வைப்பது அவை அல்ல. எந்தச் சண்டை எந்த பாகத்தில் வருகிறது என்பது மறந்துபோகும். யார் யாரை என்ன சொல்லிச் சீண்டினார்கள் என்பது மறக்காது.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தில் அரிசிலாற்றங்கரைக் காட்சி. பெண்களின் கூக்குரல் கேட்டு வந்தியத்தேவன் குதிரையை விரட்டிக்கொண்டு வருகிறான். கரையில் முதலை வாயைப் பிளந்து கிடக்கிறது. பெண்ணைக் காப்பாற்ற வேலை எறிகிறான். குறி தப்பவில்லை. ஆனால் அது செத்த முதலை, உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறது. தோழி வானதியின் தைரியத்தைச் சோதிக்க இளவரசி குந்தவை செய்த ஏற்பாடு. பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நம் கதைகளில் காலங்காலமாக வீரன் யானையை அடக்குவான், புலியைக் கொல்வான், பெண் மயங்குவாள். கல்கி முதலையைக் கொண்டுவந்து போட்டார், வேலையும் எறிய வைத்தார், பிறகு முதலைக்குள் பஞ்சை அடைத்துவிட்டார். சோழ நாட்டின் மிகப் பெரிய அறிவாளிப் பெண் முன்னால், தன்னைப் பெரிய வீரன் என்று நினைத்த இளைஞன் அசடு வழிய நிற்கிறான். அப்படி நின்றவனிடம்தான் அவள் மனம் போகிறது. வீரத்தைக் காட்டி வென்றிருந்தால் அவன் அவளுக்கு ஒரு மெய்க்காப்பாளனாக மட்டும் இருந்திருப்பான். சிரிப்புக்கு ஆளாகி, அதையும் தாங்கி, திருப்பி ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தவன் என்பதால் சமமானவன் ஆகிறான்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டை வரிசைப்படுத்தும்போது நகை என்ற சிரிப்பை முதலில் வைத்தார், உவகை என்ற மகிழ்ச்சியைக் கடைசியில் வைத்தார். நகை பிறக்கும் இடம் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அரிசிலாற்றங்கரையில் இந்த நான்கும் நிற்கின்றன. எள்ளல் தோழியரிடம், இளமை எல்லோரிடமும், பேதைமை வேல் எறிந்தவனிடம். மடன் என்பதற்கு உரைகாரர்கள் கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று பொருள் சொல்வார்கள், பிறர் சொன்னதை ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்வது; அதுவும் அவனிடம்தான். இப்படிப் பொருத்திப் பார்ப்பது இலக்கண வகுப்பு வேலை என்று யாராவது நினைக்கலாம். எனக்கு அது பெரிய சந்தோஷம். இரண்டாயிரம் ஆண்டுச் சரக்கு, வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் உயிரோடு இருக்கிறது.

நீங்கள் வள்ளுவரையும் பாருங்கள். அவனுக்குத் தும்மல் வருகிறது. அவள் வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே அழுகிறாள்: யார் உம்மை நினைத்ததால் தும்மினீர்? அடுத்த குறளில் அவன் உஷாராகித் தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகிறாள்: யாரோ உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா? இந்த இரண்டு குறளையும் பள்ளிக்கூடத்தில் சிரிப்பே வராமல் ஒப்பிக்க வைக்கிறோம். இப்படியா செய்வது?

கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, ஐம்பத்தொன்றாவது. சிறு வயதில் மணல் வீட்டைக் காலால் கலைத்து வம்பு செய்த பயல், வளர்ந்தபின் வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அம்மா தண்ணீர் கொடுக்கச் சொல்லி மகளை அனுப்புகிறாள். அவன் கையைப் பிடித்துவிடுகிறான். ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று கத்துகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். அந்த ஒரு கணத்தில் பெண் மனம் மாறுகிறது. ‘தண்ணீர் விக்கிக்கொண்டது’ என்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். கையைப் பிடித்தது அவன்தான், ஆனால் அந்த வாசலில் நடப்பதை முடிவு செய்தது அவள் சொன்ன ஒரு பொய். காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா என்பது அவள் கையில் இருந்தது. நல்ல சரித்திரக் காதல் நாவல் எதை எடுத்தாலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்: வாள் அவனிடம், பேச்சு அவளிடம்.

நம் ஊருக்கு வருவோம். பரிபாடலில் வையைப் பாட்டு ஒன்று. நல்லந்துவனார் பாடியது, இருபதாவது. வெள்ளம் வந்திருக்கிறது, மதுரையே ஆற்றங்கரையில் நிற்கிறது. தலைவியின் காணாமல்போன வளையும் ஆரமும் ஒரு பரத்தையிடம் இருப்பதைத் தோழியர் கண்டுவிடுகிறார்கள். அவள் கூட்டத்தில் மறையப் பார்க்கிறாள், இவர்கள் விடாமல் பின்தொடர்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் வாக்குவாதம். சமாதானம் சொல்ல முதிய பெண்கள் வருகிறார்கள். வழக்கில் குற்றவாளி, அந்த நகையை எடுத்துக் கொடுத்த ஆண். இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் கல்பாலத்துப் பக்கம் நின்றால் இப்படிப்பட்ட வாய்ச்சண்டை ஒன்றாவது காதில் விழும்.

அதைவிடப் பெரிய காதல் கதையை வருஷா வருஷம் மாசி வீதிகளில் நடத்திக் காட்டுகிறோம். மீனாட்சியான தடாதகைப் பிராட்டி திக்விஜயம் போய், சிவகணங்களையே அடித்து விரட்டி, கடைசியில் மாப்பிள்ளையான சிவன் எதிரே வந்து நின்றதும் நாணிப்போகிறாள். திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் அதோடு விடவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படலம் வைத்தார். சமைத்தது மலை மலையாக மீந்திருக்கிறது என்று மணப்பெண் பெருமையோடு சொல்ல, மாப்பிள்ளை சிரித்துவிட்டு குண்டோதரன் என்ற குள்ளனுக்கு மட்டும் சோறு போடச் சொல்கிறார். அவன் அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் பசி என்கிறான். அப்புறம் தாகம் என்கிறான். அதற்காக வையையே வர வேண்டியிருந்தது. தோற்றும் தோற்காத ஒரு அரசியை மணந்தவர், மணமான அன்றைக்கே அவளிடம் விளையாடுகிறார். பக்தியோடு கேட்பவர்களும் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குக் குந்தவையும் வந்தியத்தேவனும் புதிதாகத் தெரியாததில் வியப்பில்லை.

தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் மோகனாங்கி 1895இல் வந்தது. எழுதியவர் திருகோணமலைக்காரர், த. சரவணமுத்துப் பிள்ளை. கதாநாயகன் நம் சொக்கநாத நாயக்கர். தஞ்சை நாயக்கரின் மகளைப் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, அதனால் போர் மூண்டது என்பது வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. ரத்தத்தில் முடிந்த விவகாரத்தை எடுத்துக் காதல் கதை செய்யலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் துணிவிலிருந்துதான் இந்த வகை தொடங்குகிறது.

கல்கி சரித்திரத்துக்கு வருவதற்கு முன்பே நகைச்சுவை எழுத்தாளர். ஆனந்த விகடனில் அவர் எழுதிய கட்டுரைகளுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. 1941இல் சொந்தப் பத்திரிகை தொடங்கிய பிறகுதான் பல்லவரும் சோழரும் வருகிறார்கள். இந்த வரிசையை விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். சிரிக்க வைக்கத் தெரிந்த கை சரித்திரத்தைத் தொட்டதால்தான் ராஜா ராணிகள் சிம்மாசனத்திலிருந்து இறங்கி நம்மிடம் பேசினார்கள். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. வாரத் தொடரில் வாசகர் போன வாரக் கதையை மறந்திருப்பார், ஆழ்வார்க்கடியானின் குரலை மறந்திருக்க மாட்டார். சைவரிடமும் அத்வைதியிடமும் தடியோடு வாதத்துக்கு நிற்கும் அந்த மனிதர் வாய் திறந்தால் போதும், கதை விட்ட இடம் ஞாபகம் வந்துவிடும். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. மணியம் வரைந்த படங்களோடு அந்த பைண்டு வால்யூம்கள் சீதனம்போலக் கைமாறின.

இனி மதுரையில் கேட்காமல் விட முடியாத கேள்வி. அந்த நாவலில் கெட்டவர்கள் யார்? பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், அரசனுக்காக உயிரைக் கொடுக்கச் சபதம் செய்த மெய்க்காவலர்கள். நம் அரசன் வீரபாண்டியன். அவன் தலையைக் கொண்டவன் என்று பட்டம் போட்டுக்கொண்டவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். பழிவாங்க வந்த ரவிதாசன் கூட்டம் சதிகாரர்கள். அப்படியிருந்தும் மதுரைக்காரர்கள் அந்த ஐந்து பாகத்தையும் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். தமிழன் என்ற பொது உணர்ச்சி என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. பெருமையைப் பேசும் நாவல், எந்த நாட்டின் பெருமை என்று நம்மைக் கேட்க வைத்துவிடும். சிரிக்க வைக்கும் நாவல் கேட்க வைக்காது. வந்தியத்தேவன் சோழனுக்காக ஓடுகிறான் என்பது நமக்கு இரண்டாம்பட்சம். மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் பொய் சொல்லித் தப்பிக்கிறான், சொன்ன பொய்யிலேயே மறுபடி மாட்டிக்கொள்கிறான், அதனால் அவன் நம்மவன். வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியைப் பாருங்கள். நாவலிலேயே கூர்மையான நாக்கு அவளுக்குத்தான். ஆனால் அவள் சிரிப்பு எப்போதும் எதிராளியைச் சிக்க வைப்பதற்கு. அவளோடு சேர்ந்து சிரிக்க ஒருவருமில்லை. பாண்டிய நாட்டின் துயரம் அந்த ஒரு பெண்ணின் தனிமையில் சொல்லப்பட்டிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். அதனால் மதுரைக்காரனாக எனக்கு அந்த நாவல் மேல் கோபமில்லை.

பாண்டியர் பக்கம் நின்று எழுதியவர்களும் உண்டு. அகிலனின் கயல்விழி சோழர் பிடியிலிருந்து மதுரை மீள்வதைச் சொல்வது, 1978இல் எம்.ஜி.ஆர். நடித்து மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் என்று படமானதும் அதுவே. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரான நா. பார்த்தசாரதி பாண்டிமா தேவியும், களப்பிரர் கையில் இருந்த மதுரையை வைத்து நித்திலவல்லியும் எழுதினார். நா.பா.வின் தமிழ் எனக்கு உயிர். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய பாத்திரங்கள் ஒருவரையொருவர் அளவுக்கு மேல் மதிக்கிறார்கள். காதலியைப் பார்த்ததும் உயர்ந்த தமிழ் வருகிறது, சீண்டல் வருவதில்லை. ஒரு கட்டத்தில் நான் அந்தப் பெண்களுக்காக ஏங்கியிருக்கிறேன், யாராவது அவர்களைச் சிரிக்க விட மாட்டார்களா என்று. வேறு சில ஆசிரியர்களிடம் பெண் வந்தால் தலை முதல் பாதம் வரை மூன்று பக்கம் வருணனை, அவள் பேசுவது மூன்று வரி. இளவயதில் ஆவலாகப் படித்தவைதான் அவை. இன்று திரும்பப் படிக்க முடியவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய அனுபவம் அல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜெட் ஹேயர் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1902இல் பிறந்து 1974இல் மறைந்தவர். நோயுற்ற தம்பிக்குப் பொழுது போக்கச் சொன்ன கதை 1921இல் அவருடைய முதல் நாவலாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து லண்டன் சீமான்கள் உலகத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். உடை, வண்டி, கொச்சைப் பேச்சு எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் சேர்த்துவைத்து எழுதியவர். கல்யாணச் சந்தையில் சொத்தில்லாத பெண்ணுக்குக் குரலே கிடையாத காலம் அது. ஹேயரின் நாயகிகள் நாக்கால்தான் தங்களுக்கு இடம் பிடிக்கிறார்கள். வேலைக்காரர்களும் ஏழைகளும் அவர் உலகத்தில் ஓரமாக வந்து போவது எனக்குக் குறையாகவே படுகிறது. கல்கியிடம் படகோட்டும் பூங்குழலிக்கும் இளவரசிக்குச் சமமான பேச்சு கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்கிறது. அவ்வளவுதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயரையும், அவர்கள் நிலம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறது. தானம், நிலம், கொலை, கல்யாணம் எல்லாம் கல்லில் இருக்கும். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இருக்காது. முடிவு முன்பே தெரிந்த கதையில் நாவலாசிரியருக்கு மிஞ்சிய இடம் அந்தப் பேச்சு ஒன்றுதான். ராஜராஜன் பட்டம் ஏறுவான் என்று தெரியும், குந்தவை யாரை மணப்பாள் என்றும் தெரியும். தெரிந்தும் பக்கத்தைத் திருப்புகிறோம் என்றால் அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பதற்காகத்தான்.

கடைசியாக, பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் மதுரைச் சுல்தானை வென்று இந்த ஊரைப் பிடித்தான். அந்தப் படையெடுப்பை மதுரா விஜயம் என்று சமஸ்கிருதக் காவியமாகப் பாடியவள் அவன் மனைவி கங்காதேவி. கணவனின் வெற்றியை மனைவி எழுதுகிறாள்! காவியத்தில் அவன் குறையே இல்லாத வீரன். எழுதிய ஏட்டை அவனிடம் வாசித்துக் காட்டியிருப்பாள் இல்லையா? இந்த இடத்தில் நான் இவ்வளவு வேகமாகப் போகவில்லையே என்று அவன் சொன்னால் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? நம் ஊரைச் சுற்றிய கதை. இதைத் தமிழில் சிரிக்கச் சிரிக்க எழுதிய நாவல் ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. உங்களில் யாராவது எழுதத் தொடங்கினால், முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து படித்து, எந்த இடத்தில் சிரித்தேன் என்று பதில் எழுதுகிறேன். நன்றி, வணக்கம்.